ஓரத்தில் ஒரு பச்சைக் கட்டி

"மூளைச் செல்லுல சேர்ற அந்தப் புரதக் கட்டியைக் கரைக்க ஒரு வழி கண்டுபிடிச்சாப் போதும் மேடம். எங்க அம்மா திரும்பி வந்துருவாங்க" என்றான் இன்னாசி.

"எங்க போயிருக்காங்க?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

அவருக்கு வயது முப்பத்து மூன்று. மறதி நோயில் மூளைச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. இன்னாசிக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன், தாய்க்கு அந்த நோய் வந்த பிறகு அவரிடம் மாணவனாகச் சேர்ந்திருந்தான்.

"வீட்டுலதான் இருக்காங்க. நாலு மாசமா என்னைக் கம்பவுண்டர்னு கூப்பிடுறாங்க. ஊசி போட வந்திருக்கேன்னு கையை மறைச்சுக்கிறாங்க."

"வேற என்ன செய்றாங்க?"

"செருப்பு, சோப்பு, கரண்டி, ஜெபப் புத்தகம். எது கையில கிடைச்சாலும் கட்டிலுக்கு அடியில தள்ளுறாங்க. ஞாயித்துக்கிழமை நான் எல்லாத்தையும் எடுத்து வைப்பேன். திங்கக்கிழமை மறுபடி அங்கதான் கிடக்கும்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அம்மா போயாச்சு, உடம்புதான் மிச்சம்னு தங்கச்சி சொல்றா. அது உண்மையான்னு எனக்குத் தெரியணும்."

மெஹருன்னிசா நுண்ணோக்கியின் திரையைப் போட்டார்.

எலியின் மூளையிலிருந்து எடுத்து வளர்த்த இரண்டு செல்கள். கெட்டுப்போன புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். ஒரு செல்லில் பச்சை பனிபோல எங்கும் பரவியிருந்தது. மற்றதில் ஓரமாக ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது.

"எது முதல்ல சாகும் சார்?"

அவனை அவர் சார் என்றுதான் அழைப்பார்.

"கட்டி இருக்கிற செல்."

"பாருங்க."

"எவ்வளவு நேரம்?"

"சாகும்வரைக்கும்."

மணிக்கு ஒருமுறை கேமரா படம் எடுத்தது. மூன்றாம் நாள் ஒரு செல் சுருங்கி அணைந்தது. பனி பரவிய செல்.

கட்டி இருந்த செல் ஐந்தாம் நாளும் உயிரோடு இருந்தது. ஏழாம் நாளும்.

"செல் வளர்க்கிற தட்டை மாத்தி வெச்சுட்டேன் போல மேடம்."

"மாத்தல. படத்தையெல்லாம் சேர்த்து வேகமா ஓட்டுங்க."

ஓட்டினான். தடித்த கண்ணாடி திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

பச்சைத் துகள்கள் நகர்ந்துகொண்டிருந்தன. செல்லின் எல்லா மூலைகளிலிருந்தும். நூல்போல நீண்ட அதன் வாலின் நுனியிலிருந்தும். தாமாக நகரவில்லை. ஏதோ ஒன்று அவற்றை இழுத்துக்கொண்டு போனது. நின்றது. மறுபடி இழுத்தது. ஒவ்வொன்றாக அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மற்ற இடமெல்லாம் இருட்டாக, சுத்தமாக இருந்தது.

"இதுக்குள்ள எத்தனை புரதம் மேடம்?"

"கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணும் நூல் மாதிரிதான் பிறக்கும். சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். மடிக்க உதவ ஆள் இருக்கு. தப்பா மடிஞ்சதைப் பிரிச்சு மடிக்க ஆள் இருக்கு. தேறாததை நறுக்கிப் போட ஆள் இருக்கு. நீங்க பிறந்த நாள்லேருந்து அவங்க ஒரு நிமிஷம் லீவு எடுத்ததில்ல."

"வயசானா?"

"அவங்க கை ஓய்ஞ்சுரும். நோய் வந்தா இன்னும் சீக்கிரம். மடிக்க முடியாது, நறுக்க முடியாது. கெட்டது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வழியை அடைக்கும்."

"அப்போ அந்த செல் என்ன செய்யும்?"

மெஹருன்னிசா திரையைக் காட்டினார்.

ஒரு துகள் பாதியில் நின்றிருந்தது. பிறகு அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தை நோக்கிப் போனது.

இன்னாசி எழுந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கரைச்சிரலாமா சார்?" என்று கேட்டார் மெஹருன்னிசா.



ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அவனுடைய செருப்பில் ஒன்றைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மற்றது ஏற்கெனவே உள்ளே கிடந்தது.

வழக்கம்போல எடுக்கக் கையை நீட்டினான். பிறகு இழுத்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இத்தனை நாளும் குவியலையே பார்த்துவந்தவன் அன்றுதான் தரையைப் பார்த்தான்.

கட்டிலிலிருந்து வாசல்வரைக்கும் ஒரு துரும்பும் இல்லை.

"எதுக்கும்மா எல்லாத்தையும் இங்க தள்ளுறீங்க?"

அம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரும் கம்பவுண்டரே. எம் மவன் வார நேரம். கண்ணு தெரியாத பய. வழியில எதாச்சும் கெடந்தா தடுக்கி விழுந்துருவான்."