நடுக்கட்டை விற்ற நரி

"என் பின்னு உன் துளையில போகல!"

"உன் பின்னு கோணல். என் துளையைக் குத்தம் சொல்லாதே!"

நெடுங்குளக் காட்டில் பொழுது விடிந்தால் இந்தச் சண்டைதான்.

அந்தக் காட்டு விலங்குகள் கணினி வைத்திருந்தன. கணினி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வெற்றிலை அளவு ஒரு போர்டு, அவ்வளவுதான். குளத்தில் தண்ணீர் ஏறினால் சொல்லும், பருந்து வட்டமிட்டால் சொல்லும், பலா பழுத்தால்கூடச் சொல்லும். போர்டு செய்வது மரங்கொத்தி மாசானம். போர்டின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டுக் கொடுக்கும். அந்தத் துளைகளில் சொருகுகிற பிளக்கைச் செய்வது முள்ளம்பன்றி பேச்சிமுத்து. பின்னுக்காக அது எங்கும் அலைய வேண்டியதில்லை, முதுகிலேயே விளைகிறதே! கரண்டு கொடுப்பது மின்மினிக் கூட்டம்.

கோளாறு எங்கே என்றால், மரங்கொத்தி மனசு நன்றாக இருந்தால் ஏழு துளை போடும், இல்லாவிட்டால் ஐந்து. முள்ளம்பன்றிக்கோ அன்றைக்கு எந்த முள் உதிர்கிறதோ அதுதான் பின். ஒன்று தடியாக இருக்கும், ஒன்று நோஞ்சானாக இருக்கும். இரண்டு பேர் சரக்கும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் அது குருட்டு அதிர்ஷ்டம்.

இந்தக் கூத்தில் கொழுத்தது ஒரே ஒரு ஆள். நரி நல்லதம்பி!

நல்லதம்பி நடுக்கட்டை விற்றது. கட்டையின் ஒரு பக்கத்தில் முள்ளம்பன்றியின் பிளக்கைச் சொருகலாம். மறுபக்கம் மரங்கொத்தியின் துளைக்குள் போகும். கட்டைக்கு விலை ஒரு நண்டு. காட்டில் சண்டை கேட்டால் போதும், நரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடும்.

"சண்டை போடாதீங்கப்பா, அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்று பாகாய் உருகும். மனசுக்குள், 'சண்டை போடுங்க, நல்லாப் போடுங்க' என்று சொல்லிக்கொள்ளும்.

போன வருஷ மழையில் குளம் உடைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஏறுவதைப் பார்க்கும் போர்டு கரையில் இருந்தது, ஆபத்து வந்தால் அலறும் ஊதலும் இருந்தது. ஆனால் ஊதலின் பிளக் போர்டில் பொருந்தவில்லை. சத்தமே வரவில்லை. வயல் எலிகளின் வளைகள் நிரம்பி, பாதிக் குடும்பம் போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் காட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே உடும்பு வீரணன் கூட்டம் போட்டது. உடும்பைப் பற்றித் தெரியுமே, பிடித்தால் விடாது.

"துளை எத்தனை, இடைவெளி எவ்வளவு, பின் எவ்வளவு தடிமன், கரண்டு எந்தத் துளை வழியா வரணும், எல்லாத்துக்கும் ஒரே பொதுவிதி எழுதப்போறோம். அப்புறம் வளைக்கு வளை ஊதல் மாட்டப்போறோம்!" என்றது உடும்பு.

நரி தன் கட்டைப் பையைப் பார்த்தது. எல்லாம் பொருந்திவிட்டால் நடுக்கட்டையை யார் வாங்குவார்கள்?

வீட்டுக்கு வந்து புலம்பியது. அதன் மனைவி செவந்தி குட்டிகளை நக்கிக்கொண்டே சொன்னது: "இந்தாருங்க, காட்டுலயே பள்ளமான இடம் நம்ம வளைதான். குளம் உடைஞ்சா முதத் தண்ணி நம்ம வாசலுக்குத்தான் வரும். நாலு குட்டிங்க இருக்கு. விதி நல்லபடியா வரட்டும், கெடுத்துராதீங்க."

"நான் ஏன் கெடுக்கப்போறேன்? கூடவே உக்காந்து எழுதப்போறேன்!" என்றது நரி.

எழுதத்தான் உட்கார்ந்தது. முதல் கூட்டத்துக்கு எல்லாருக்கும் வறுத்த நண்டு கொண்டுபோனது. தின்று முடிக்கவே பொழுது சாய்ந்தது.

இரண்டாம் கூட்டத்தில் உடும்பு, "துளைக்குத் துளை இடைவெளி ஒரு நெல்" என்றது.

"எந்த நெல்லு?" என்று அப்பாவியாகக் கேட்டது நரி. "குண்டு நெல்லா? சன்ன நெல்லா?"

அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு நெல்லைக் கொண்டுவந்து அடித்துக்கொண்டார்கள். கடைசியில் உடும்பு ஒரு நெல்லை எடுத்து, அதே அளவுக்குக் கல்லில் ஒரு கோடு செதுக்கி, ஆலமரத்தடியில் நட்டுவிட்டது. "இனி நெல்லு பேச்சே கிடையாது. இந்தக் கல்லுதான் அளவு!"

நரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உடும்பு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தது. துளை ஆறு. தடிமன் இவ்வளவு. மிச்சம் ஒன்றே ஒன்று: கரண்டு எந்தத் துளை?

இங்கேதான் நரியின் மூளை மின்னியது. மரங்கொத்தி எப்போதும் போர்டின் முகத்தைப் பார்த்துத் துளை போடும். முள்ளம்பன்றி பிளக்கின் முகத்தைப் பார்த்து முள் நடும். சொருகும்போது இரண்டு முகமும் எதிரெதிரே வரும். எதிரே நிற்பவனுக்கு இடம் என்பது நமக்கு வலம் இல்லையா? நடுக்கட்டை செய்து செய்து இரண்டு முகத்தையும் பார்த்த நரிக்கு மட்டும்தான் இது தெரியும்.

"இடப்பக்கத்துல இருந்து முதல் துளை. அதுலதான் கரண்டு. எழுதுங்க!" என்றது நரி.

முள்ளம்பன்றி மெதுவாக வாயைத் திறந்தது. "யாரோட இட..."

"அட, இடது கை எதுன்னுகூடத் தெரியாதா உமக்கு?" என்று நரி சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள். முள்ளம்பன்றி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது.

மரங்கொத்தி சொன்னது: "ஒரு மூலையில சின்னதா வெட்டு வச்சிருவோமே. பிளக்கு ஒரு வாகுலதான் போகும், தப்பா வராது."

"ஐயோ, நல்ல போர்டை மூளியாக்கவா? நம்ம காட்டுல என்ன முட்டாப்பயலுகளா இருக்காங்க?"

தன்னை முட்டாள் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? வெட்டு வேண்டாம் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"சரி, கையெழுத்துக்கு முன்னால எல்லாரோட சாமானையும் கொண்டுவந்து, நடுமைதானத்துல ஒண்ணோட ஒண்ணு சொருகிப் பாத்துருவோம்" என்றது உடும்பு.

நரி முகத்தைத் தொங்கப்போட்டது. "மாசானம் கைவேலையைச் சோதிக்கணுமா? பேச்சிமுத்துவைச் சந்தேகப்படணுமா? கேக்கவே மனசு நோகுது!"

மரங்கொத்திக்குக் கொண்டை சிலிர்த்தது. முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் நிமிர்ந்தது. "எங்களைச் சோதிக்கிறதா? அப்ப நாங்க வரல!" என்று இரண்டும் எழுந்தன. மழை வேறு தலைக்கு மேல் நிற்கிறது. உடும்பு பார்த்தது, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து உடும்பு பிடியை விட்டது அந்த ஒரு நாள்தான்.

விதிப்படி சரக்கு வந்தது. பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்! வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பின் துளையில் இறங்கியது. முதல் ஊதலை முயல் மாட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். மின்மினிகள் கரண்டு விட்டன.

புஸ்ஸ்ஸ்!

ஊதல் கருகிப் புகைந்தது. மான் மாட்டியது, புஸ். கீரி மாட்டியது, புஸ். போர்டில் கரண்டு இந்தக் கோடியில், பிளக்கில் அந்தக் கோடியில்! பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது மரங்கொத்தி தப்பு!" "இல்ல, பன்றி தப்பு!" என்று காடு அதிர்ந்தது. நரி பையோடு வந்து நின்றது. பைக்குள் புதுச்சரக்கு: திருப்புக்கட்டை. இந்தக் கோடியில் வாங்கிய கரண்டை அந்தக் கோடியில் விடும். விலை இரண்டு நண்டு!

"அண்ணன் இல்லேன்னா நாம செத்தோம்" என்று முயல் கண்ணீர் விட்டது. நரி அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு நண்டை வாங்கிக்கொண்டது.

திட்டு வாங்கியே முள்ளம்பன்றி இளைத்துப்போயிற்று. ஒருநாள் தன் பிளக்கையும் மரங்கொத்தியின் போர்டையும் எதிரெதிரே வைத்து வெகுநேரம் முறைத்துப் பார்த்தது. "அடச்சீ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, அன்றிலிருந்து முள் வரிசையைத் திருப்பி நட ஆரம்பித்தது.

அடுத்த நாள் செவந்தி வீட்டுக்கு ஊதல் வாங்கி வந்தது. "பேச்சிமுத்தண்ணன் சொல்லுச்சு, இனிமே கட்டையெல்லாம் வேண்டாமாம், நேராவே சொருகலாமாம்" என்றது.

நரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்த முள்ளுமூட்டைக்கு என்ன தெரியும்? இந்த விஷயம் காட்டுலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்!"

ஊதலை வளை வாசலில் மாட்டி, அதன் கம்பியைக் குளக்கரைவரை இழுத்துப் போய், தன் வீட்டுக்கான போர்டில் திருப்புக்கட்டையை வைத்து, அதன்மேல் பிளக்கைச் சொருகியது.

"ஒரு தடவை ஊதிப் பாத்துருங்களேன்" என்றது செவந்தி.

"நான் செஞ்ச கட்டைக்கே சோதனையா?" என்று நரி கோபித்துக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பியது. பாருங்கள், மற்றவர்களுக்குப் போட்ட தூண்டில் வார்த்தை தன் வாயிலேயே மாட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம். மேற்கே மலையில் கொட்டிய மழை குளத்துக்கு வந்தது. நரி தூரத்து மேட்டில் கடை விரித்திருந்தது.

பூம்! முயல் வீட்டு ஊதல். கீய்ங்! கீரி வீட்டு ஊதல். மான் வீடு, எலி வளை, ஒவ்வொன்றாக ஊதின. நரி காதை ஆட்டி ரசித்தது. "பாத்தீங்களா? எல்லாம் நம்ம கட்டை!"

திடீரென்று அதன் வால் விறைத்தது. காட்டிலேயே பள்ளமான வீடு தன்னுடையது. முதலில் கேட்க வேண்டியது தன் வீட்டு ஊதல். அது மட்டும் கேட்கவில்லை!

பையைப் போட்டுவிட்டு ஓடியது நரி. முள்ளில் விழுந்தது, சேற்றில் விழுந்தது, எழுந்து ஓடியது. "என் குட்டிகளே! ஐயோ, என் குட்டிகளே!" வந்து பார்த்தால் வாசலே இல்லை. செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நரி அப்படியே உட்கார்ந்து ஊளையிட்டு அழுதது.

"இங்க பாரும்யா, அழுதுட்டே நிக்காம!" என்று எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல்.

செங்குத்தான கரையில் உடும்பு நான்கு காலையும் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வாலைப் பல்லால் கவ்வியபடி மூன்று குட்டிகள் சரம்போலத் தொங்கின. நாலாவதை வாயில் கவ்விக்கொண்டு செவந்தி அதன் முதுகைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தது. அடித்த வெள்ளத்திலும் உடும்பு அசையவில்லை. எலி வளை ஊதல் கேட்டு, நரி வீட்டில் சத்தமில்லையே என்று ஓடி வந்ததாம். நரி நீந்திப் போய்க் கீழே தொங்கிய குட்டியை ஏந்திக்கொண்டது. ஒவ்வொன்றாக ஐந்து பேரும் மேடேறினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் குளக்கரைக்கு வந்தார்கள். செவந்தி தங்கள் வீட்டுப் போர்டிலிருந்து கருகிய கட்டையைப் பிடுங்கி நரியின் முன்னால் போட்டது.

"ஊதல் பிளக்குல பேச்சிமுத்தண்ணன் முள்ளைத் திருப்பி நட்டிருச்சு, அது சரி. போர்டு சரி. நடுவுல இது யாரு வச்சது?"

நரி தலையைக் குனிந்தது. பொய் சொல்ல வாயெடுத்தது, அழுகைதான் வந்தது. "நான்தான். இடப்பக்கம்னு சொன்னதும் நான்தான். யாரோட இடப்பக்கம்னு தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

"அப்ப என் முதுகைத் தட்டி வாங்கின நண்டு?" என்று முயல் பல்லைக் கடித்தது.

முள்ளம்பன்றி முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நரியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. உடும்பு குறுக்கே வந்தது.

"இருங்கப்பா. வெட்டு வேண்டாம்னது யாரு?"

"நரி!"

"தலையாட்டினது யாரு?"

எல்லாரும் அவரவர் வாலைப் பார்த்தார்கள். உடும்பும் தன் வாலைப் பார்த்துக்கொண்டது. அதுவும்தானே அன்றைக்கு விட்டுக்கொடுத்தது.

விதி மறுபடி எழுதப்பட்டது. போர்டின் ஒரு மூலையில் வெட்டு, பிளக்கில் அதற்கு ஏற்ற முண்டு. இடமும் இல்லை, வலமும் இல்லை. நேராக வைத்தால் போகும், திருப்பி வைத்தால் போகவே போகாது. காட்டிலிருக்கும் அத்தனை போர்டுக்கும் அந்த வெட்டை நரி தன் பல்லால் கடித்தே போட வேண்டும் என்று தீர்ப்பு. நரிக்குப் பல் கூசிப்போய், ஒரு மாசம் நண்டே தின்ன முடியவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் நடுமைதானத்தில் சோதனையும் நடந்தது. சொருகிப் பார்த்தது யார் தெரியுமா? நரியின் நாலு குட்டிகள். கண்ணைக் கட்டிவிட்டுச் சொருகச் சொன்னார்கள். தலைகீழாகத் தள்ளின, பக்கவாட்டில் தள்ளின, ஏறி மிதித்தன. தப்பாக ஒன்றுகூடப் போகவில்லை. சரியாகப் போனபோதெல்லாம் ஊதல் பூம் என்று ஊதியது, குட்டிகள் துள்ளின.

பார்த்துக்கொண்டிருந்த நரி, கூசுகிற பல்லைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னது: "செவந்தி, இந்த வெட்டுல தூசி அடையாம இருக்க ஒரு மூடி செஞ்சா, ஆளுக்கு ஒரு நண்டுக்கு..."

செவந்தி கருகிய கட்டையை எடுத்து அதன் முன்னால் வைத்தது. நரி வாயை மூடிக்கொண்டு அடுத்த போர்டைக் கடிக்கப் போனது.

ஊருக்கு எழுதும் விதியில் தன் லாபத்துக்கு ஓர் ஓட்டை வைப்பவன் வீட்டுக்குள்தான், அந்த ஓட்டை வழியாக முதல் வெள்ளம் வரும்.