பவளத்தீவில் ஒரு ராஜா சாப்பாடு

சிற்றம்பலத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் தர்மகேசரி மகாராஜாவின் சபையில் முதல் வரிசை ஆசனம் கிடைத்தது. அது பறிபோகப் பார்த்ததும் அதே வாயால்தான். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

ஒருநாள், பவளத்தீவுக்குப் போய்வந்த முத்து வியாபாரி ஒருவர் சபையில் புலம்பிக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் கேட்கிறீர்கள் மகாராஜா! அங்கே விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அதற்கொரு விலை. சொம்பைக் கழுவ இன்னொரு விலை. பட்டினி கிடந்தே பாதி ஆளாகிவிட்டேன்."

எல்லாரும் 'அடடா' என்றார்கள். நம் ஆள் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? அரண்மனைச் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்ட தெம்பு, விடவில்லை.

"இதெல்லாம் ஒரு விஷயமா? ஒரு சின்ன முடிச்சுக் காசு கொடுங்கள். அந்த ஊர் ராஜா என்ன சாப்பிடுகிறாரோ, அதையே சாப்பிட்டுவிட்டு வருகிறேன்!"

கஜானா அதிகாரி அனந்தப்பர் துள்ளி எழுந்தார். அந்த ஆசனத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

"போகட்டும் மகாராஜா! ஆனால் அரண்மனை விருந்துக்குப் போகக்கூடாது. யாரிடமும் கையேந்தக் கூடாது. கைக்காசில்தான் சாப்பிட வேண்டும். தோற்றால் ஆசனம் என் மைத்துனனுக்கு!"

"என்ன சிற்றம்பலம், சம்மதமா?" என்றார் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா" என்று வாய் சொல்லிவிட்டது. மூளைக்குச் சேதி போனது அதற்கு அப்புறம்தான்.

கப்பல் பவளத்தீவில் நின்றது. துறைமுகத்து வாசலிலேயே ஒரு கடை. 'நம்ம ஊர்ச் சாப்பாடு' என்று பலகை! வாசலில் நின்றவன், "வாங்கண்ணே, நம்ம ஊரா நீங்க? முகத்தப் பாத்தாலே தெரியுதே!" என்றான். அவ்வளவுதான், சிற்றம்பலம் உருகிப்போனார். ஒரு கரண்டி சோறு, மேலே ரசம் மாதிரி ஏதோ ஒன்று. சாப்பிட்டு எழுந்தபோது முடிச்சில் பாதி காலி.

"மகாராஜாவுக்கே புத்தி சொல்கிற ஆள் நீ. 'அண்ணே' என்ற ஒரு சொல்லுக்கு விழுந்துவிட்டாயே, வெட்கமாக இல்லை?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் உஷாராக வேறு கடை தேடினார். கடலைப் பார்த்த மேடை, பட்டு மெத்தை, விசிறி வீச ஒரு ஆள். மீன் துண்டைத் தட்டில் தேடத்தான் வேண்டியிருந்தது. "மீனுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டார். "காற்றுக்கும் சேர்த்து ஐயா" என்றார்கள். முடிச்சில் கடைசியாகக் கொஞ்சம் சில்லறைதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மத்தியானம். பசி காதை அடைத்தது. அரண்மனைப் பின்வாசலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, அனந்தப்பரின் மைத்துனன் தன் ஆசனத்தில் கால்மேல் கால் போட்டிருப்பதை நினைத்து நொந்துகொண்டிருந்தார். அப்போது அரண்மனைச் சமையல்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து எங்கேயோ ஓடினார்கள். ஒருவரை மடக்கினார்.

"அண்ணாச்சி, எங்கே இவ்வளவு அவசரம்?"

"சாப்பிடத்தான்."

"அரண்மனையில் சமைத்துவிட்டு, சாப்பிட வெளியேவா?"

"அதை யாரு திம்பா சாமி! விஷம் இருக்கான்னு எட்டுப் பேர் ருசி பாக்கணும். ஒருத்தன் தின்னு, அவன் சாகலைன்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தவன். ராஜா இலைக்குப் போறப்போ எல்லாம் ஆறி அவலாயிடும். நாங்க மாரக்கா கடைக்குப் போறோம்."

சிற்றம்பலம் பின்னாலேயே ஓடினார். யானைக் கொட்டாரத்துக்குப் பின்புறம் ஒரு கீற்றுக் கொட்டகை. பலகையும் இல்லை, மெத்தையும் இல்லை. ஆவி பறக்கும் சோறு, கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு. விலையைக் கேட்டவருக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சச் சில்லறைக்கு ஒரு வாரம் தாராளமாகச் சாப்பிடலாம்!

சாப்பிடும்போதுதான் மூலையில் இருந்தவரைக் கவனித்தார். தலையில் முக்காடு. முகம் சுவர்ப் பக்கம். சமையல்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிற்றம்பலத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மெதுவாக நகர்ந்து, "வணக்கம் மகாராஜா" என்றார்.

அவருக்குப் புரையேறிவிட்டது. "உஷ்! மூச்சு விடாதே! இந்தக் கடை தெரிந்தால் அந்த எட்டுப் பேரும் இங்கேயும் வந்துவிடுவான்கள். இந்த ஒரு வேளைதான் நான் சூடாகச் சாப்பிடுகிறேன்!"

"சாட்சிக்கு ஒரு ஓலை மட்டும்…"

"ஓலையாவது! ஓடிப்போ!"

சிற்றம்பலம் ஊர் திரும்பினார். வயிறு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கையில் சாட்சிதான் இல்லை. நடந்ததைச் சபையில் சொன்னதும் அனந்தப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எவனோ முக்காடு போட்டவன் ராஜாவாம்! நீ அந்த ராஜாவை முன்னே பின்னே பார்த்ததுண்டா?"

"இல்லை."

"பிறகு எப்படித் தெரிந்தது? டேய் மைத்துனா, வந்து உட்காரடா!"

மைத்துனன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கிளம்பியேவிட்டான். சிற்றம்பலம் அவசரமாக ராஜாவின் பக்கத்தில் போய் நின்றார். "காரணம் இருக்கிறது மகாராஜா. ஆனால் தங்கள் காதில் மட்டும்தான் சொல்வேன்" என்றார்.

ராஜா காதைக் கொடுத்தார்.

"முக்காடு, சுவரைப் பார்த்த முகம், தெரிந்தும் தெரியாதது போல் சுற்றி இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை தோறும் தேரடி பொன்னுத்தாயி கடையில் தாங்கள் சாப்பிடுவது அப்படித்தானே மகாராஜா? ஒரு ராஜாவின் முக்காட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு இன்னொரு ராஜாவின் முக்காடு தெரியாதா?"

ராஜாவின் முகம் சிவந்தது. இரண்டு முறை இருமினார். "நிரூபணம் ஆகிவிட்டது! ஆசனம் சிற்றம்பலத்துக்கே! கூடவே ஒரு ஜோடி பொற்கடகம்!"

"என்ன நிரூபணம் மகாராஜா?" என்று அனந்தப்பர் பரிதாபமாகக் கேட்டார்.

"அது ராஜாங்க ரகசியம்!"

சபை கலைந்தது. ராஜா சிற்றம்பலத்தைத் தூணோரம் இழுத்தார். "நான் அங்கே வருவது உனக்கு எப்படியடா தெரியும்?"

"நானும் முக்காடு போட்டுக்கொண்டு அங்கேதான் இருப்பேன் மகாராஜா. அரண்மனையில் ஓசியில் சாப்பிடுகிறவன் காசு கொடுத்துச் சாப்பிடுவது தெரிந்தால் மானம் போய்விடுமே! போன மாதம் பக்கத்து இலை வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்களே, அது என் இலை."