ஆடியில் எங்கே இருந்தாய்?

கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் அதிர்ச்சி நீங்கவில்லை.

வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊர். அங்கே குடியுரிமை பெற்ற கதிரேசன், விருதுநகரில் மணிமாலாவைக் கல்யாணம் செய்து கூட்டிப்போனான். மனைவி என்ற முறையில் அவளுக்குக் கிடைத்த விசா முடியப்போகிறது. நீட்டிக்காவிட்டால் அவள் ஊர் திரும்ப வேண்டும். கல்யாணம் நிஜம்தானா என்று பார்க்க, அதிகாரி இருவரையும் தனித்தனியாக விசாரித்தார்.

முதலில் கதிரேசன். எப்போதாவது பிரிந்து வாழ்ந்ததுண்டா என்று கேட்டதற்கு, ஒருநாள்கூட இல்லை என்று அடித்துச் சொன்னான். பிரிந்திருந்ததாகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். மனைவியிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

அடுத்து மணிமாலா. அந்த ஊர் மொழி அவளுக்குச் சரியாக வராது. மொழிபெயர்க்க வந்த புனிதவதி, அதே ஊரில் இருக்கும் மணிமாலாவின் சித்திக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அதே கேள்விக்கு மணிமாலா, ஆடி மாதம் முழுக்கச் சித்தி வீட்டில் இருந்ததாக ஒளிக்காமல் சொன்னாள். ஏன் என்றார் அதிகாரி.

புதுப்பெண்ணை ஆடியில் ஏன் பிரித்துவைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும். அந்த ஊரில் சித்திரையில் பனியே முழுக்க உருகியிருக்காது. ஆனாலும் மாமியார் போனில் சொல்லிவிட்டால் அப்பீல் உண்டா? இதையெல்லாம் முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மணிமாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வழக்கம் அப்படிங்க."

புனிதவதிக்குக் காரணம் தெரியும். அந்த ஆடியில் மணிமாலாவுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் சொன்னதை மட்டும் சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்து அந்த வேலைக்கு வந்தவள். அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்த்தாள்.

அதிகாரி கதிரேசனை உள்ளே அழைத்து, இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினார். இது பெயருக்குச் செய்த கல்யாணம், விசாவை நீட்டிக்க முடியாது, மணிமாலா நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றார். பொய் அம்பலமான பிறகு கதிரேசன் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. இதையும் புனிதவதிதான் மணிமாலாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

மணிமாலா இடிந்துபோனாள். வெளியே வந்ததும் புனிதவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன்மா. நீ சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

உன்னை விட்டுவிடக் கூடாதென்றுதான் பொய் சொன்னேன் என்று கதிரேசன் அழுதான்.

அவன் மனைவிக்காகப் பொய் சொன்னான். அவள் உண்மையைச் சொல்லி, கூச்சத்தில் பாதியில் நிறுத்தினாள். புனிதவதி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மணிமாலா செய்ததே சரி. கூச்சம் பொய்யாகாது. புனிதவதி எதையும் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாம். இந்த வழக்கம் எனக்குத் தெரியும், விளக்கட்டுமா என்று அதிகாரியிடம் அனுமதி கேட்டிருக்கலாம். அதை எந்த உறுதிமொழியும் தடுக்கவில்லை. கதிரேசன்தான் பெரிய தவறு செய்தான். அவன் பயந்து மறைத்தானே, அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே நல்ல சாட்சி. பெயருக்குக் கல்யாணம் செய்துகொண்டவர்களை ஆடி மாதத்தில் யாரும் பிரித்துவைப்பதில்லை.