சுழியன் வாயை மூடிய நாள்

அந்தக் காலத்தில் குதிரைகளும் மனிதரைப் போல வாய்விட்டுப் பேசின. மற்ற குதிரைகள் தேவைக்குப் பேசும். சுழியன் தேவை இல்லாமலும் பேசும்.

சுழியன் ஒரு மட்டக்குதிரை. நெற்றியில் இரட்டைச் சுழி. கடலோரச் சதுப்பின் இக்கரையில் குடியிருந்த மருத்துவச்சி மங்காயி அதை வளர்த்தாள். பிள்ளைப்பேறு பார்க்க ஊர் ஊராகப் போகிறவளுக்கு அதுதான் துணை. ஆனால் அதன் குணம் இருக்கிறதே! வலப்பக்கமாக ஏறினால் நகராது. யானை எதிரே வந்தாலும் சும்மா நிற்கும். காய்ந்த பனையோலை ஒன்று சரசரத்தால் நாலு முழம் துள்ளும்.

"ஆத்தா, அந்த நண்டு என்னை முறைக்குது" என்னும். "ஆத்தா, நேத்து இந்தக் கல்லு இங்க இல்லை" என்னும். குட்டை கண்ட இடமெல்லாம் நின்று, "அடியில என்னமோ இருக்கு" என்னும்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்காதா!" என்று மங்காயி அலுத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு நடுப்பகல். சதுப்புக்கு அப்பாலிருந்த உப்பளத்திலிருந்து உலகப்பன் என்பவன் மணல்மேட்டைச் சுற்றி அரை நாள் நடந்து வந்து சேர்ந்தான்.

"அக்கா, என் பொஞ்சாதி நேத்து விடிஞ்சதிலேருந்து வலியில கிடக்கா. பிள்ளை குறுக்கே நிக்குதாம். சீக்கிரம் வா அக்கா."

சுற்றிப் போக நேரமில்லை. மருந்து மூட்டையை எடுத்துக்கொண்டு மங்காயி சதுப்பின் வழியாகவே குதிரையை விட்டாள். எங்கும் ஒரே தண்ணீர். பாதை தெரியவில்லை. சுழியன் நின்றுவிட்டது.

"ஆத்தா, இங்க தரை இல்லை."

"தினம் போற வழிதானேடா!"

"மழையில கரைஞ்சு கிடக்கு. கால் வெச்சா உள்ளே இழுத்துக்கும்."

உலகப்பனுக்கு அழுகை வந்தது. "அங்க ரெண்டு உசுரு ஊசலாடுது. இங்க குதிரையோட நியாயம் பேசிக்கிட்டு நிக்கிறியே அக்கா!"

அதுவரை சுழியனை ஒருநாளும் அடிக்காத மங்காயி, கையிலிருந்த கயிற்று நுனியால் அதன் கழுத்தில் ஓங்கி அடித்தாள். அதன் உடம்பு நடுங்கியது. ஆனால் கால் நகரவில்லை.

"அடிச்சுக்கோ ஆத்தா. உன்னை இதுல இறக்க மாட்டேன்."

"நான் முன்னால போறேன்" என்று உலகப்பன் தண்ணீரில் இறங்கினான். நாலு அடி வைத்தான். ஐந்தாவது அடியில் சேறு அவனை இடுப்புவரை விழுங்கியது. திமிறத் திமிற மார்புக்கு ஏறியது. மங்காயி பதறிக் குதிரையிலிருந்து இறங்கிக் கயிற்றை வீசினாள். மறுநுனியைச் சேணத்தில் கட்டியதும் சுழியன் பின்னோக்கியே நடந்து அவனை இழுத்துக் கரையில் போட்டது. உயிர் தப்பியது, கணுக்கால் பிசகிவிட்டது.

மங்காயி அவனைக் குதிரைமேல் ஏற்றினாள். தலைசுற்றிச் சாய்கிறவனைத் தாங்க ஒரு கை வேண்டும். பிடரியைப் பிடித்து நடக்க இன்னொரு கை வேண்டும். மருந்து மூட்டையைச் சுழியனின் வாயில் கொடுத்தாள்.

"இதை விட்டா அந்தப் பிள்ளையைக் காப்பாத்த வழியில்லை. வாயைத் திறந்துடாதே ராசா. வழி நீயே பார்த்துப் போ."

சுழியன் மூட்டையைக் கவ்விக்கொண்டது. முன்னங்காலைத் தூக்கித் தண்ணீரைத் தட்டியது. கால் புதைந்தது. மூக்கால் புர்ரென்று சீறிப் பின்வாங்கியது. நாலு அடி தள்ளிப் போய் மறுபடி தட்டியது. கெட்டித் தரை. காதிரண்டையும் முன்னே நீட்டியபடி அடிவைத்தது. சீறினால் ஆபத்து, காதை நீட்டினால் வரலாம் என்று மங்காயிக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. தட்டித் தட்டி, வளைந்து வளைந்து, பொழுது சாயும்போது அக்கரை ஏறினார்கள். மூட்டையின் முடிச்சுகூட நனையவில்லை.

குறுக்கே நின்ற பிள்ளையை மங்காயி மெல்லத் திருப்பி எடுத்தாள். பெண்குழந்தை. வீறிட்டு அழுதது. தாய் கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

கைகழுவிவிட்டு வெளியே வந்த மங்காயி, சுழியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கயிறு பட்ட இடம் தடித்திருந்தது. அதை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"அடிச்சவளை விட்டுட்டுப் போகாம, நாலு உசுரைக் கரை சேர்த்தியேடா. இனி நீ நாள் முழுக்கப் பேசு. நான் ஒரு சொல்லும் தட்டாமக் கேக்குறேன்."

சுழியன் அவள் முகத்தோடு மூக்கை வைத்து வெதுவெதுப்பாக மூச்சுவிட்டது.

"இத்தனை வருசம் வாயால சொன்னேன், உனக்கு ஏறலை. இன்னைக்குக் காலால சொன்னதை ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டே. எனக்கு அது போதும் ஆத்தா."

சுழியன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். செய்தி அறிந்த மற்ற குதிரைகளுக்கும் அது சரியென்றே பட்டது; அவையும் அதோடு பேச்சை விட்டுவிட்டன.

தண்ணீரைக் கண்டதும் குதிரை நின்று முன்னங்காலால் தட்டிப் பார்ப்பதும், ஏறியிருப்பவர் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பதும், கரையேறியதும் அதன் கழுத்தைத் தடவிக் கொடுப்பதும் அன்று தொட்டு வந்த வழக்கம்தான்.