சமையற்கட்டுக் கூரை

“நான் ஊருக்கே போயிடுறேன்மா” என்றார் மாசிலாமணி.

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை. நாச்சியாரம்மை மடத்துச் சாக்கடையில் அடைத்திருந்த வேப்பிலைகளைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். குரு அவள்தான். சீடரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

“ஏன் ஐயா?”

“பொன்னுலிங்கம் இருக்கிற இடத்துல எனக்கு ஞானம் வராது.”

பொன்னுலிங்கம் இன்னொரு சீடர். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டாலும் குரலை விடவில்லை.

“தியானத்துல உட்கார்ந்தா, ‘சார், குறட்டை வெளிய கேக்குது’ங்கிறார். தண்ணி ஊத்தினா, ‘செடிக்கா சார், உங்க காலுக்கா?’ங்கிறார். நான் பள்ளிக்கூட ஆய்வாளரா இருந்தவன். உள்ளே நுழைஞ்சா நாப்பது வாத்தியாருங்க எழுந்து நிப்பாங்க.”

“அவர் சொல்றது பொய்யா?”

“அது வேற விஷயம்.”

அம்மை சிரித்துவிட்டாள்.

“தாராளமா போங்க. அதுக்கு முன்னாடி சமையற்கட்டுல உடைஞ்ச ஓட்டை மட்டும் மாத்திடுங்க. ஒரு மாசத்து அரிசி நனையுது. மறுபடி இருட்டிக்கிட்டு வருது.”

“அவரை ஏறச் சொல்லலாமே?”

“அவர் கனத்துக்கு, ஏறினா மொத்த ஓடுகளையும் மாத்தணும்.”

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு புது ஓடுகளோடு ஏறினார். அம்மை ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

கூரை முழுக்க இலையும் சுள்ளியுமாகக் கிடந்தது. தள்ளிவிட்டுப் பார்த்தார். ஓடுகள் எல்லாம் முழுசாகத்தான் இருந்தன. சந்தேகத்துக்கு ஒன்றை மாற்றினார்.

தூறல் ஆரம்பித்தது.

“சார், இன்னும் என் தலையிலதான் விழுது” என்றது கீழே சமையற்கட்டுக்குள்ளிருந்து பொன்னுலிங்கத்தின் குரல்.

இன்னொன்றை மாற்றினார்.

“இப்பவும் அதே தலைதான் சார்.”

மாசிலாமணிக்குக் காது சிவந்தது. அம்மையைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு ஓடுகூட உடையலைம்மா. நான் நல்லாப் பார்த்துட்டேன்.”

“அப்படியா” என்றாள் அம்மை.

“இங்கேருந்து பளிச்சுனு வெளிச்சம் தெரியுது. அப்படியே இருங்க சார், அசையாதீங்க” என்றார் பொன்னுலிங்கம்.

உள்ளே ஏதோ உருண்டது. கொஞ்ச நேரத்தில், மாசிலாமணியின் முழங்காலை ஒட்டி, இரண்டு ஓடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு விளக்குமாற்று ஈர்க்கு எட்டிப்பார்த்தது. மேலும் கீழும் ஆடியது.

“தெரியுதா சார்?”

மேல் ஓட்டை நகர்த்தினார். அதன் அடியில் மறைந்திருந்தது உடைசல், உள்ளங்கை அகலத்துக்கு. அதன்மேல்தான் இவ்வளவு நேரம் கையூன்றி உட்கார்ந்திருந்தார்.

உடைந்த ஓட்டை எடுத்தார். அந்த இடைவெளி வழியே பொன்னுலிங்கத்தின் முகம் தெரிந்தது. ஒரு கண்ணில் தண்ணீர் விழுந்து மூடியிருந்தது. கவிழ்த்த அண்டாவின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய துண்டும் சட்டையும் அரிசி மூட்டைமேல் கிடந்தன.

“என்ன சார் பார்க்கிறீங்க? மூடுங்க, குளிருது.”

மாசிலாமணி புது ஓட்டைச் செருகினார்.

“நின்னுடுச்சு சார். இறங்குங்க, உங்க ஊருக்குப் போற பதினோரு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மாசிலாமணி இறங்கவில்லை. தூறல் வலுத்தது.

“என்ன ஐயா?” என்றாள் அம்மை.

அவர் குனிந்து, ஓட்டோடு வாயை வைத்துச் சொன்னார்:

“பொன்னுலிங்கம், இன்னும் எங்கெல்லாம் ஒழுகுதோ, அங்கெல்லாம் குத்துங்க.”