பச்சையா சிவப்பா, மாஸ்டர்?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நிச்சயம் உண்டு. ஆனால் இப்போது வராது. முதலில் மூன்று மாடி ஏற வேண்டும்; லிஃப்ட் வேலை செய்யவில்லை.

ஏறுகிறவர் பெயர் தணிகாசலம். வயது நாற்பத்து மூன்று. பெரம்பூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பகல் முழுக்க அடுத்தவர்களுக்கு கிளட்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ‘பெரம்பூர் பீரங்கிகள்’ என்ற ஐவர் அணிக்கு அவர்தான் கேப்டன். ஐந்து பேருக்கும் தொப்பை உண்டு. அந்தப் பெயரே அதனால்தான் வந்தது என்று எதிரணி ஆவடிக்காரர்கள் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம்.

கையில் துண்டு சுற்றிய பொருள் ஒன்று இருந்தது. அதைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார். அந்தக் குழந்தை மேல் அவருக்குக் கடுங்கோபம் என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாம் மாடியில் ஜெசிந்தாவின் கடை. கடை என்றால் பத்துக்குப் பத்து அறை, நடுவில் ஒரு தட்டி, அவ்வளவுதான். ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு வயது. ரிச்சி தெருவில் அவளைவிட வேகமாக கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்கள் உண்டு. அவள் பூட்டிக் கொடுத்தது பழுதாகித் திரும்பி வந்ததாக மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. அவளுடைய சீடர் என்ற பெருமை தணிகாசலத்துக்கு நிறையவே உண்டு. போன வருடம் அவளிடம் உட்கார்ந்து ஸ்க்ரூ பிடிக்கக் கற்றுக்கொண்டவர். அன்றிலிருந்து அவள் அவருக்கு மாஸ்டர்.

வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி.”

ஜெசிந்தா நிமிராமலே ரயில்வே ஸ்டேஷன் குரலில் சொன்னாள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரம்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கும் தணிகாசலம் எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் மூச்சு வாங்கி முடிக்கும்.”

“விளையாடாதீங்க மாஸ்டர். பச்சையா, சிவப்பா?”

கம்ப்யூட்டர் விளையாட்டில் படத்தைத் திரையில் வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டு. அதைச் செய்யும் கம்பெனிகளில் பெரிய வீடு இரண்டு. ஒன்றின் நிறம் பச்சை, மற்றதன் நிறம் சிவப்பு. பச்சைக்காரர்கள் சிவப்பு வாங்கியவரைப் பார்த்தால் துக்கம் விசாரிப்பார்கள். சிவப்புக்காரர்கள் பச்சை வாங்கியவரைப் பார்த்தால் பர்ஸ் பத்திரமா என்று கேட்பார்கள். பீரங்கிகள் அணிக்குள்ளேயே இந்தச் சண்டையில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகவில்லை. இரண்டு வீட்டிலிருந்தும் இப்போது மிக உயர்ந்த புதுக் கார்டு வந்திருந்தது.

“ரெண்டும் நல்ல கார்டுதான்ணா. இப்ப என்ன அவசரம்?”

“ஞாயித்துக்கிழமை ஆவடியோட ஃபைனல். மூணு தடவை தோத்தாச்சு. அவங்க கேப்டன் ஒரு பல் டாக்டர், மாஸ்டர். சுட்டுட்டு, ‘வாயைத் திறங்க’ன்னு மைக்ல சொல்றான்.”

ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தோத்தது என்னால இல்ல. இதால.” துண்டை மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய பழைய கார்டு. “மூணு வருஷத்துக்கு முன்னாடி இதுவும் ராஜாதான். இப்ப கிழடு. எதிரி ஓடினா வெட்டி வெட்டித் தெரியுது. அவன் சுட்டதுக்கு அப்புறம்தான் அவன் வந்ததே தெரியுது.”

“புதுசு வாங்கக் காசு?”

தணிகாசலம் ஜன்னல் பக்கம் பார்த்தார். “வெள்ளைக் காரைக் குடுக்கிறேன்.”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

“எந்த வெள்ளைக் காரு? ரெண்டு பிரேக் வச்ச காரா? ஆயிரம் பேர் கத்துக்கிட்ட வண்டின்னு போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அதுவா?”

“ஆயிரத்து நூறு,” என்று திருத்தினார். அந்த நேரத்திலும் குரல் ஒரு அங்குலம் உயர்ந்தது. “மணலியில இருந்து ஒருத்தர் கேக்குறார். அஞ்சு மணிக்குள்ள உறுதி சொல்லணும். இனிமே ஒரு வண்டியை வச்சே ஓட்டிக்கலாம். பச்சையா சிவப்பான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

மணி மூன்றரை.

ஜெசிந்தா பழைய கார்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகுத் தகட்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம்.

“இது என்னண்ணா?”

“ஆயுத பூஜைக்கு வச்சது. காருக்கு வச்ச அதே தட்டு. அப்பவாவது நல்லா ஓடும்னு பாத்தேன்.”

“மானிட்டர் எது?”

“போன மாசம் புதுசு வாங்கினேன். விநாடிக்கு இருநூத்து நாப்பது படம் காட்டுமாம். வேங்கை!”

“செட்டிங்ல எத்தனை படம்னு போட்டிருக்கீங்க?”

“வந்தபடியேதான். புதுப் பொருளைப் போய் நோண்டுவாங்களா? மேல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட நான் கிழிக்கல.”

 ஜெசிந்தா கார்டைத் துண்டோடு எடுத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள்.

“கேள்விக்குப் பதில், மாஸ்டர்?”

“நான் சொன்னா அது என் பதில். நீங்களே ஆடிப் பார்த்துச் சொல்லுங்க. முதல்ல பச்சை.”

சீடருக்கு நெஞ்சு விம்மியது. தன் கண்ணை நம்பி மாஸ்டர் தீர்ப்பை விடுகிறாள். ரிச்சி தெருவில் வேறு யாருக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

கால் மணி நேரம் கழித்து அவள் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிவந்து மேஜைக்கு அடியில் வைத்தாள். அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. துணியின் ஓரத்தில் பச்சை வெளிச்சம் கசிந்தது.

“துணி எதுக்கு?”

“உங்க கை சும்மா இருக்காது. போன தடவை ஓடுற ஃபேனைத் தொட்டீங்க.”

அது உண்மை. தணிகாசலம் மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் சுற்றிலேயே பதினெட்டு பேரைச் சுட்டார். பாதியில் எழுந்து நின்று ஆடினார்.

“பச்சைன்னா பச்சைதான்! ஓடுறவனோட ஷூ லேஸ் தெரியுது மாஸ்டர்! மழைத்துளியை எண்ணலாம். நெடுஞ்சாலையில டாப் கியர் போட்டமாதிரி, ஒரு குலுக்கல் கிடையாது!”

ஜெசிந்தா கோர்ட் குமாஸ்தா மாதிரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். “ஷூ லேஸ்... மழைத்துளி... குலுக்கல் இல்லை. சாட்சி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?”

“சாட்சி சந்தோஷமா இருக்கான்னு எழுதுங்க.”

“சரி. இப்ப சிவப்பு. சீடர் கண்ணை மூடணும்.”

“அது எதுக்கு?”

“கடை விதி.”

மூடினார். கர்ர்ர் என்று ஸ்க்ரூ டிரைவர் சுற்றும் சத்தம் கேட்டது. ஏதோ கழன்றது. ஏதோ பூட்டிக்கொண்டது. மாஸ்டர் ‘ஹப்பா, என்ன கனம்’ என்று முனகினாள். சத்தத்தை வைத்தே, கழற்றியது மூன்று ஸ்க்ரூ என்று தணிகாசலம் எண்ணிச் சொன்னார்.

“காது இருக்கே உங்களுக்கு!” என்றாள் ஜெசிந்தா.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சிரிப்பு இன்னும் வரவில்லை. டீ வந்தது.

கண்ணைத் திறந்தபோது துணியின் ஓரத்தில் சிவப்பு வெளிச்சம். ஆடப்போகும் நேரத்தில் போன் அடித்தது. அவரிடம் ஓட்டக் கற்று, போன வாரம் லைசென்ஸ் வாங்கிய பெண். தணிகாசலம் ஸ்பீக்கரில் போட்டார். மாஸ்டரும் அவர் தொழிலை ஒருமுறை பார்க்கட்டும் என்றுதான்.

“சார், நான் அனுஷ்கா. எங்க வண்டி இழுக்கவே மாட்டேங்குது சார். ஆக்சிலேட்டரை மிதிச்சா கத்துது, நகர மாட்டேங்குது. இன்ஜின் போயிடுச்சு, வித்துட்டுப் புது வண்டி எடுத்துடலாம்னு அப்பா சொல்றார்.”

“வண்டியை நிறுத்து. இடது கையைக் கீழ கொண்டு போ. ஹேண்ட் பிரேக் எங்க இருக்கு?”

மறுமுனையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு, “ஐயோ சார்!”

“வை போனை.”

அவர் மெல்லத் திரும்பினார். “பாத்தீங்களா மாஸ்டர்? வண்டியைப் பாக்கல, தொடல. இங்க உக்காந்தே சொன்னேன். இருபது வருஷத்துல எத்தனை பேர்! ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கிட்டே வண்டி கிழடுன்னுவாங்க.”

“பெரிய ஆள்ணா நீங்க,” என்றாள் ஜெசிந்தா. அதைச் சொல்லும்போது அவள் எந்தக் குரலையும் போடவில்லை.

சிவப்பில் ஆடினார். பதினேழு பேர் விழுந்தார்கள். முகம் சுளித்தார்.

“வேகம் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா முரடு. திரும்பும்போது லோடு ஏத்தின லாரி திரும்புற மாதிரி இருக்கு. கலர் கண்ணைக் குத்துது. பச்சையில ஆடின கண்ணுக்கு இது ஆகாது மாஸ்டர். சாதாரண ஆளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது.”

“லாரி... கண்ணைக் குத்துது... சாதாரண ஆளுக்குத் தெரியாது,” என்று எழுதினாள். “தீர்ப்பு?”

“பச்சை.”

“யோசிச்சா?”

“யோசிக்க என்ன இருக்கு? கண்ணு சொல்லுது. முதல்ல ஆடினேனே, அந்தக் கார்டையே கட்டிக் குடுங்க.”

ஜெசிந்தா பேனாவை மூடினாள். “அதுல வேற பீஸ் தரட்டுமா? பெட்டி பிரிக்காதது?”

“வேண்டாம். அதே கார்டு.”

“ஆடின கார்டாச்சே. பழசும்பாங்க.”

“யார் சொல்லுவா? நான் ஓட்டிப் பாத்த வண்டி. நான்தான் வாங்குவேன். அந்தக் கார்டைவிட உசத்தியா இந்தத் தெருவுலயே ஒண்ணு கிடையாது. வேற எதைக் குடுத்தாலும் வாங்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“என் ஸ்கூல் மேல சத்தியம்.”

“அப்ப அந்தக் கிழட்டுக் கார்டை என்ன பண்றது?”

“குப்பையில போடுங்க. என் கண்ணுல காட்டாதீங்க.”

“அது கொஞ்சம் கஷ்டம்ணா,” என்றாள் ஜெசிந்தா.

அவள் குனிந்து சுவிட்சை அணைத்தாள். கறுப்புத் துணியை இழுத்தாள். கேபினெட்டின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. விளக்கின் நிறத்தை மாற்றுகிற பொத்தான். உள்ளே ஒரே ஒரு கார்டு. அவசரமே இல்லாமல் அதைக் கழற்றினாள். தட்டிக்குப் பின்னாலிருந்து துண்டைக் கொண்டுவந்தாள். அவர் கொண்டுவந்த அதே துண்டு. சுற்றி, இரண்டு கையாலும் அவர் முன் நீட்டினாள்.

“முதல்ல ஆடின கார்டு. அதேதான்.”

தணிகாசலம் துண்டைப் பார்த்தார். விலக்கினார்.

காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பொட்டு அங்கேயே இருந்தது. தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அலமாரியில் பச்சைப் பெட்டி ஒன்று, சிவப்புப் பெட்டி ஒன்று. இரண்டிலும் சீல் உடைபடவில்லை.

“அந்த ஸ்க்ரூ சத்தம்?”

“வெறும் ஸ்க்ரூ டிரைவர்ணா. காத்துல சுத்தினேன்.”

“அப்ப சிவப்பு?”

“ஜெசிந்தா பொத்தானை அமுக்கினாள்,” என்று செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னாள் அவள். “மேலும் விவரங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன.”

போன் அடித்தது. மணலிக்காரர். மணி நாலு ஐம்பது.

தணிகாசலம் போனைப் பார்த்தார். கார்டின் நெற்றியைப் பார்த்தார். இதே தட்டிலிருந்து இதே விரலால் வைத்த இன்னொரு பொட்டு, கீழே தெருவில், இரண்டு பிரேக் வைத்த காரின் பானெட்டில் இருந்தது.

“சார், வண்டி குடுக்கிறதா இல்ல,” என்றார். “மன்னிச்சுக்குங்க. அது ஆயிரத்து நூறு பேரு கத்துக்கிட்ட வண்டி.”

போனை வைத்தார்.  பிறகு கார்டை மடியில் வைத்துக்கொண்டு, கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாகக் கேட்டார்.

“சரி மாஸ்டர். கார்டு ராஜாதான். என் வாயாலயே சொல்லிட்டேன். அப்ப இதே கார்டு என் வீட்டுல மட்டும் ஏன் வெட்டி வெட்டிக் காட்டுது? உங்க மானிட்டர்ல அப்படி என்ன இருக்கு?”

“உங்க மானிட்டர்ல இருக்கிறதுதான்ணா. புதுசா வந்தப்ப இதுவும் விநாடிக்கு அறுபது படத்துலதான் நின்னுது.”

“அப்புறம்?”

ஜெசிந்தா டீ கிளாஸை எடுத்து வைத்தாள்.

“அந்தப் பொண்ணு வண்டி இப்ப இழுக்குதாண்ணா?”

தணிகாசலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ‘ஏன் இழுக்காது’ என்று பாதி சொன்னார். இடது கை தானாகக் கீழே போய், காற்றில், ஒரு ஹேண்ட் பிரேக்கை இறக்குவது போல மெல்ல அசைந்து நின்றது.

“ஐயோ மாஸ்டர்!”