இடைவெளி நாள்

"வாத்தியாரே, இந்த வேலைய விட்டுரலாம்னு பாக்கேன்," என்றாள் ஜெசிந்தா.

அந்தக் கடல்வள ஆய்வுக்கூடத்தில் வாத்தியார் என்றால் பேராசிரியர் இல்லை. பம்பு பழுது பார்க்கும் சவரிமுத்து. அவருக்கும் ஜெசிந்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"என்ன குறை டாக்டரம்மா?"

"பதினோரு வருஷமா ஆராய்ச்சி உதவியாளர். அரசாங்கம் ஏத்தின சம்பளம் இன்னும் வரல. பதினோரு மாசத்துக்கு ஒருக்கா ஒருநாள் வேலைய முறிச்சி, புது ஆளு மாதிரி ஆர்டர் போடுதாங்க. நிரந்தரம் கேட்டுரக் கூடாதுல்லா. கேட்டா விதிங்காங்க."

"அந்த ஒருநாள் எப்போ?"

"இன்னைக்குத்தான்."

"பெறகு எதுக்கு வந்திய?"

"இறால் குஞ்சுக்குப் பத்து மணித் தீனி போடணும்."

சவரிமுத்து அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"நேத்தோட முடிஞ்சிருக்கு. இன்னைக்கு நீங்க யாரு?"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. இதுவரை வந்த எல்லா இடைவெளி நாளிலும் அவள் வந்து சும்மா உழைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வரச் சொன்னவரும் இல்லை, வேண்டாம் என்றவரும் இல்லை.

"குஞ்சு செத்துருமே."

"தொட்டி ரூம் சாவிய யாருகிட்ட குடுக்கணுமோ குடுங்க," என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவள் சாவியைப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள்.

"சார், இன்னைக்கு நான் வேலையில இல்ல. பத்து மணித் தீனிய நீங்க பாத்துக்கிடுங்க."

"அளவு?"

"என் கைக்கணக்குதான் சார்."

"நாளைக்கு ஆர்டர் வந்துரும்மா."

"பழைய சம்பளத்துக்கா சார்?"

அவள் வெளியே வந்து கேட் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு வருட உழைப்பு அந்தத் தொட்டிகளில் இருந்தது. பத்து மணி ஆனது, பதினொன்றும் ஆனது. இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

மேசைக்கு மூன்று வாரம் படுத்துக் கிடக்கும் அவளுடைய சம்பளக் கோப்பு அன்று மூன்று மாடியும் ஏறி இறங்கியது.

பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியரே மூச்சு வாங்க வந்து ஆர்டரை நீட்டினார். அன்றைய தேதி. புதுச் சம்பளம்.

"இடைவெளி சார்?"

"இந்தத் தடவை இல்ல."

"விதி?"

"முதல்ல உள்ள போம்மா."

அவள் ஓடினாள்.

தொட்டியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. கண்ணாடி போன்ற ஒவ்வொரு உடம்பிலும் குடல் நிறைந்து கறுப்பு நூலாய்த் தெரிந்தது. ஜெசிந்தா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

பம்பருகே சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீனி போட்டது யாரு வாத்தியாரே?"

"நாந்தான். பத்து மணிக்கே போட்டாச்சு."

"அளவு?"

"பதினோரு வருஷமா பக்கத்துலதான பம்பு ஓட்டுதேன். எங்கிட்டயும் ஒரு சாவி கெடக்கு."

"சார்கிட்ட சொல்லக் கூடாதா? மனுஷன் தலைதெறிக்க ஓடுனாரே."

"அவரு என்னைய ஒண்ணும் கேக்கலையே," என்றார் சவரிமுத்து.